நான் எழுதாத கடிதங்கள்

ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்த முதல் வாரம் முழுக்க என் மகள் "மாமாகிட்டப் போகணும்" என்று அழுதுகொண்டிருந்தாள். என் அண்ணனுக்கு அதில் தாங்க முடியாத சந்தோஷம். "பாத்தியா புள்ள, பொறந்ததுல இருந்து மொகத்தையே பாக்காத மாமன்மேல எத்தன பாசம்!" என்று அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். அவள் கையைக் காலை உதறிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுவாள். நாங்கள் இருந்த ஊரின் மொழியில் மாமா என்றால் அம்மா. அவள் கேட்டது அங்கே எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பெண்ணை. மூன்றாம் நாள் இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்படியா சங்கதி" என்று குழந்தையை இறக்கிவிட்டு லாரி ஆபீசுக்குக் கிளம்பிப் போனார்.

தான்சானியாவில் ஒரு கிராமத்தில் பதினோரு வருஷம் இருந்தோம். சங்ககிரியில் எங்கள் சபைதான் எங்களை மிஷனரிகளாக அனுப்பியது. சின்னச் சபை. என் கணவர் அங்கே வேதபாட வகுப்பு எடுத்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்தார். நான் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தேன். விசாவைப் புதுப்பிக்க முடியாமல்போய்த் திரும்பி வந்தபோது எங்களுக்கென்று இங்கே வீடு இல்லை. அண்ணன் தன் வீட்டு மாடியைக் கொடுத்தார்.

வந்த புதிதில் எனக்கே ஊர் பிடிபடவில்லை. அங்கே வழியில் எதிர்ப்படுகிறவரிடம் வீடு நலமா, விதைப்பு நலமா, பிள்ளைகள் நலமா என்று நின்று விசாரிக்காமல் தாண்டிப்போனால் மரியாதைக் கேடு. அந்தப் பழக்கத்தில் சங்ககிரி மளிகைக் கடையில் நின்று கடைக்காரரின் வீட்டாரையெல்லாம் விசாரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "ஸ்கேன் பண்ணுங்க, பின்னால ஆளு நிக்கறாங்க" என்றார். மகளைப் பள்ளியில் சேர்த்தோம். ஐந்து வயது. தமிழ் பேசுவாள், ஆனால் வேகமாகப் பேசினால் புரியாது. பிள்ளைகள் அவளுக்கு ஆப்பிரிக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு அவர்களுக்கு அந்த மொழியில் எண்ணச் சொல்லிக்கொடுத்தாள்.

சபையில் எங்களை நடத்திய விதம்தான் எனக்கு விளங்கவில்லை. ஆராதனை முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். ஒரு பாட்டியம்மா என் வயிற்றில் கையை வைத்து, கண்ணை மூடி ஜெபித்தார். "நீங்க பட்ட பாடு கொஞ்சமாங்க" என்பார்கள். எங்களுக்கு அங்கே ஒரு குழந்தை இறந்து பிறந்தது இவர்களுக்குத் தெரியும், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் ஒரு பெண் என் காதருகில் வந்து, "அவ இப்ப எப்படி இருக்கறாளுங்க அக்கா? திருந்துனபடி இருக்கறாளா, இல்ல மறுபடியும் பழைய புத்திதானா?" என்று கேட்டாள். வேறு யாரோ மிஷனரியின் கதையை என்னோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறாள் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன்.

அந்தக் குழந்தையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் போன மூன்றாவது வருஷம். எனக்கு ஆறாம் மாதம். காலையில் எழுந்தபோதே இடுப்பில் வலி. என் கணவருக்கு அன்று தூரத்து நகரத்தில் ஒரு கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. மூன்று நாள் கூட்டம். "இன்னைக்குப் போகாதீங்க, எனக்கு என்னமோ சரியாப் படல" என்றேன். "படுத்து ரெஸ்ட் எடும்மா, சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். மத்தியானம் உதிரம் போக ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரிதான் ஓடி வந்தாள். அவள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். தையல் வகுப்புக்கு வந்தவள். தையல் வராவிட்டாலும் பேச்சுத் துணைக்கென்று நிற்காமல் வந்துகொண்டிருந்தவள். ஊர்ப் பெரிய கோயிலில் பாட்டுக்குழுவில் பாடுகிறவள். அவளுடைய தாத்தா காலத்திலேயே அவர்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் குடும்பம் என் அப்பா காலத்தில்தான் மதம் மாறியது. அந்தக் கணக்கில் பார்த்தால் அவள்தான் எனக்குப் போதிக்க வேண்டியவள்.

என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, ஒரு கையால் சைக்கிளையும் ஒரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு மண்பாதையில் தள்ளிக்கொண்டே போனாள். மெயின் ரோட்டில் கரி ஏற்றி வந்த லாரி ஒன்றை மறித்து என்னை அதில் ஏற்றினாள். வழி முழுக்க "போலே, போலே" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்து அங்கே சொல்லுகிற வார்த்தை அது. ஆஸ்பத்திரியில் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பையன். அவள்தான் அவனைக் குளிப்பாட்டினாள். தான் திருவிழாவுக்கு என்று எடுத்து வைத்திருந்த புதுத்துணியை, நீலத்தில் மஞ்சள் பறவை போட்ட துணி, ஆள் விட்டு வரவழைத்து அதில் அவனைச் சுற்றினாள். எனக்கு ஒருமுறை காட்டினாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் அவனைக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். மூன்று நாள் என் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்திருந்தாள். என் துணியெல்லாம் துவைத்தாள்.

என் கணவர் நான்காம் நாள் வந்தார். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன், அந்தப் பறவைத் துணி உட்பட. போனதற்காக அவரை அப்போதே மன்னித்துவிட்டேன். உண்மையாகவே மன்னித்தேன். மூன்று வருஷம் கழித்து மகள் பிறந்தாள். பிறந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் மடியில்தான் அதிக நேரம் இருந்தாள்.

நாங்கள் ஊர் திரும்பிய இரண்டாம் மாதம் சபையில் மிஷனரி ஞாயிறு வந்தது. எங்களுக்கு வரவேற்பும் அன்றைக்குத்தான். கணவரை மேடையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், மகள் என் புடவையை விடாமல் பிடித்திருந்ததால் நான் முன்வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டேன். பாட்டு, சாட்சி எல்லாம் முடிந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம் என்று பாஸ்டர் மைக்கில் அறிவித்தார். "நம்ம மிஷனரி குடும்பத்தோட வாழ்க்கையில் நடந்த உண்மைச் சம்பவம்" என்றார்.

புடவை கட்டிய ஒரு சிறுமி வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு வந்து பாயில் படுத்தாள். பெரிய கண்ணாடி போட்ட பையன் ஒருவன் அவள் பக்கத்தில் முழங்காலில் நின்று கையை உயர்த்தி ஜெபித்தான். அப்புறம் இன்னொரு சிறுமி வந்தாள். முகம், கை, கால் எல்லாம் அடுப்புக்கரி பூசியிருந்தார்கள். வாயில் சிவப்பு. கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை. கையில் வேப்பிலை. கூட்டம் சிரித்தது. அவள் பாயைச் சுற்றி ஆடிவிட்டு, குனிந்து, படுத்திருந்தவளின் வயிற்றிலிருந்து தலையணையை உருவி எடுத்து வெளியே எறிந்தாள்.

அதுவரை எனக்குப் பிடிபடவில்லை. அந்தத் தலையணை தரையில் விழுந்தபோதுதான் பாயில் படுத்திருப்பது நான் என்று புரிந்தது.

பாஸ்டர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்: "பக்கத்து வீட்டுலயே இருந்த சூனியக்காரி, ஊழியத்தக் கெடுக்கணும்னு மருந்து வச்சு அந்தக் குழந்தையக் கொன்னுட்டா. ஆனா நம்ம சகோதரர் மனைவியோட கட்டில விட்டு அசையாம மூணு நாள் உபவாசமிருந்து ஜெபிச்சாரு..." கரி பூசிய சிறுமி அலறிக்கொண்டு கீழே விழுந்தாள். கண்ணாடிக்காரப் பையன் ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் எடுத்து அவள் தலையில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தான். கரி கரைந்து வழிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

என் மகள் என் கையைச் சுரண்டினாள். "அம்மா, பக்கத்து ஊட்டுல மாமா மட்டும்தான இருந்தாங்க?"

நான் மேடையைப் பார்த்தேன். என் கணவர் கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "சின்னப் பிள்ளைங்க நாடகம். கூட்டிச் சேர்த்துப் பண்ணுவாங்க. பாஸ்டர் எழுதிக் குடுத்திருப்பாரு, நான் பேசறேன்" என்றார். நம்பலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நம்பவே விரும்பினேன். மகளிடம், அது மாமா இல்லை, வேறு கதை என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆனால் அந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி வீடியோ காலில் வந்தபோது குழந்தை போனைப் பார்க்காமல் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிடக் கூப்பிட வரவில்லை. "வெட்கம் வந்துவிட்டதா என் பெண்ணுக்கு?" என்று அவள் அங்கிருந்து சிரித்தாள்.

பத்து நாள் கழித்து ஆட்டையாம்பட்டிக்குப் போனேன். அங்கே எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு விதவைச் சகோதரி இருக்கிறார். அறுபது வயதிருக்கும். வீட்டிலேயே கைமுறுக்கு சுற்றி விற்கிறவர். நாங்கள் வெளிநாட்டில் இருந்த காலம் முழுக்க மாதம் தவறாமல் எங்களுக்காக ஒருநாள் உபவாசமிருந்தவர். நன்றி சொல்லத்தான் போனேன். அக்கம்பக்கத்துத் தறிச் சத்தத்துக்கு நடுவே சத்தம் போட்டுத்தான் பேச முடிந்தது. முறுக்கும் டீயும் கொடுத்துவிட்டு, பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார்.

"நீங்க எழுதுன காயிதம் ஒண்ணுகூட நான் தொலைக்கலீங்க" என்றார். "எல்லாம் இருக்குது பாருங்க. மனசு சோந்து போனா இதத்தான் எடுத்துப் படிப்பேன்."

மாதா மாதம் சபைக்கு ஜெபக் கடிதம் அனுப்புவது எங்கள் கடமை. ஆரம்பத்தில் நான் தாளில் எழுதிக் கொடுப்பேன், கணவர் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புவார். குழந்தை போனதற்குப் பிறகு எனக்கு எழுத ஓடவில்லை. "நீ கஷ்டப்படாத, நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் தன் பெயரில் எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை போனதற்குப் பிறகு வந்த கடிதங்களிலும் கீழே என் பெயர்தான் இருந்தது.

உட்கார்ந்து படித்தேன். அந்த அம்மா எனக்கு எதிரில் முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டு, நான் என்னுடைய எழுத்தை நானே ரசிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தபடி இருந்தார். 'என் கணவர் என் கையைப் பற்றியபடி இருந்தார்' என்று நான் எழுதியிருந்தேன். 'அந்தப் பெண் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துச் சிரித்தாள்' என்று எழுதியிருந்தேன். இரண்டு வருஷம் கழித்து அவள் மனம் திரும்பி, தாயத்துகளையெல்லாம் எரித்து, ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றதாகவும் எழுதியிருந்தேன். பாஸ்டர் கூட்டிச் சேர்த்திருப்பார் என்று அப்போதும் ஒரு ஓரத்தில் நினைத்தேன். இன்னொரு கடிதத்தில் இந்த வரி வந்தது. 'நீலத்தில் மஞ்சள் பறவைகள் போட்ட ஒரு துணியை அவள் எப்போதும் உடுத்தியிருப்பாள். அதைக் கண்டாலே எனக்கு நடுக்கம் வரும்.'

அந்தத் துணியைப் பற்றி உலகத்தில் நான் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன்.

"இந்தக் காயிதந்தானுங்க" என்று அந்த அம்மா மாவுக்கையோடு சுட்டிக் காட்டினார். "இது வந்தப்ப எம்புள்ள காய்ச்சல்ல நெனவில்லாமக் கெடந்தா. டாக்டரு கைய விரிச்சுட்டாரு. இதத்தான் அவ தலமாட்டுல வச்சு ஜெபிச்சேன். உங்களுக்கே பிள்ளயக் குடுத்துட்டு எந்திரிச்சு நிக்க பெலன் குடுத்தாரே, எனக்குக் குடுக்கமாட்டாரான்னு. புள்ள பொழச்சுக்கிட்டா. இப்ப ஈரோட்டுல ரெண்டு கொழந்தையோட இருக்கறா."

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வாரேனுங்க என்று எழுந்தேன். அவர் ஒரு பொட்டலம் முறுக்கு கட்டிக் கொடுத்தார், பாப்பாவுக்கு.

வீடு வந்தபோது கணவர் மொட்டைமாடியில் துவைத்த துணியை உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலையெல்லாம் அங்கே போய்க் கற்றுக்கொண்டது, நல்ல மனுஷர்தான். நான் போய் எதிரில் நின்றேன்.

"ஏனுங்க, அந்தத் துணியப் பத்தி எழுதுனது யாருங்க?"

எந்தத் துணி என்று அவர் கேட்கவில்லை. கையிலிருந்த சட்டையைக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டி, இன்னொரு கிளிப்பும் மாட்டினார்.

"மொதல்ல உண்மையத்தான் எழுதுனேன்" என்றார். "குழந்தை இறந்துருச்சு, ஜெபிச்சுக்கங்கன்னு. பாஸ்டர் போன் பண்ணுனாரு. நீங்க எங்க இருந்தீங்கன்னு கேட்டாரு. ஜனங்க கேப்பாங்களே, பொண்டாட்டிய அந்த நிலைமையில விட்டுட்டு எங்க போனாருன்னு. நான் பக்கத்துலதான் இருந்தேன்னு சொல்லிட்டேன். அது வாயில வந்துருச்சும்மா. அப்புறம் எப்படி ஆச்சுன்னு கேட்டாரு. அங்க மந்திரம், சூனியம் இதெல்லாம் உண்டான்னு கேட்டாரு. உண்டுன்னு சொன்னேன்."

"அவ பேர எதுக்குங்க இழுத்தீங்க?"

"யாரயாவது சொல்லணுமே. எனக்கு வேற யாரத் தெரியும் அங்க? இங்க யாருக்கும் அவளத் தெரியப்போறதில்ல. அவளுக்கும் தெரியப்போறதில்ல."

"எம்பேர்ல எழுதியிருக்கறீங்க."

"நீ சொன்னாத்தான் நம்புவாங்க" என்றார் மெதுவாக.

கீழே ரோட்டில் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்த எட்டு வருஷமும் அவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அவள் கொடுத்தனுப்பிய களியையும் கீரையையும் இருவரும் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அவள் சரியாகப் பத்தடி தள்ளி முற்றம் பெருக்கிக்கொண்டிருக்கும்போது, இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அவளைச் சூனியக்காரி என்று கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அடித்து முடித்துவிட்டு வெளியே போய் அவளுக்கு வணக்கமும் சொல்லியிருப்பார். இதையெல்லாம் அந்த இடத்திலேயே நினைத்துப் பார்த்தேன். "பாஸ்டர்கிட்டச் சொல்லிச் சரி பண்ணுங்க" என்று மட்டும் சொன்னேன். சரி என்றார். ஒரு வாரம் போயிற்று. அவர் சொல்லவில்லை.

நானே பாஸ்டரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். அவருக்கு அதிர்ச்சி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. "சிஸ்டர், எத்தன பேரு அந்தச் சாட்சியால பெலப்பட்டிருக்காங்க தெரியுமா? அத இப்பக் கலைக்கணுமா? கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் நோக்கம் நல்லதுதானே" என்றார்.

"எம்புள்ளயக் கொன்னவன்னு ஒருத்தியச் சொல்லியிருக்குதுங்க, அய்யா. எம்புள்ளயக் குளிப்பாட்டுனவ அவ."

"ஆண்டவர் அவங்கள ஆசீர்வதிப்பாரு" என்றார். பெண்கள் உபவாச ஜெபத்தில் அந்த வெள்ளிக்கிழமை நான் பேசுவதாக ஏற்கெனவே ஏற்பாடு. அதில் எதையும் கிளறாமல் துதியும் ஸ்தோத்திரமுமாக முடித்துக்கொள்ளச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை எழுந்து நின்றேன். முப்பது பேர் இருந்திருப்பார்கள். நான் மேடைப் பேச்சுக்காரி இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்: வலி, சைக்கிள், கரி லாரி, துணி, மூன்று நாள். என் கணவர் ஊரில் இல்லை என்று சொன்னேன். அந்தக் கடிதங்கள் நான் எழுதியவை இல்லை என்று சொன்னேன். "அவங்க சூனியக்காரி இல்லீங்க. நம்மள மாதிரி கோயிலுக்குப் போறவங்க. நம்மளவிட நல்லாப் பாடுவாங்க" என்றேன். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் வயிற்றில் கைவைத்து ஜெபித்த பாட்டியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டையாம்பட்டி அம்மா எழுந்து வெளியே போனார். நான் முடித்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"அவ திருந்திட்டாள்னு காயிதம் வர்ற வரைக்கும் ரெண்டு வருசமா அந்தப் பொம்பளைய எதுத்து ஜெபிச்சேனுங்க" என்றார், என்னைப் பார்க்காமல். "அவ கை வெளங்காமப் போகணும்னுகூட ஒருநாளு கேட்டிருக்கறேன்."

"உங்க தப்பு இல்லீங்க அம்மா."

"நீங்க இதச் சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க." பஸ் வந்தது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார். "எம்புள்ள பொழச்சது பொய்யி இல்லீங்களே? அது நெசந்தான?"

"நெசந்தானுங்க" என்றேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஜெபக்குறிப்புகள் வாசித்தார்கள். ஒருவருக்கு முழங்கால் ஆபரேஷன், ஒரு பையனுக்கு பிளஸ் டூ பரீட்சை, ஒரு வீட்டுக்கு போர் போட்ட இடத்தில் தண்ணீர். கடைசியாகப் பாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம மிஷனரி சகோதரிக்காக விசேஷமா ஜெபிப்போம். ரொம்ப வருஷம் அந்நிய தேசத்துல பட்ட கஷ்டத்தினால மனசு கொஞ்சம் கலங்கியிருக்கு. நடந்தது நடக்காதது தெரியாம பேசறாங்க. சத்துரு அவங்க சிந்தையைக் குழப்பாதபடிக்கு..."

தலைகள் எல்லாம் குனிந்தன. நான் குனியவில்லை. ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் என் கணவர் இருந்தார். அவர் எழுந்து நின்று, இல்லை, என் மனைவி சொன்னதுதான் உண்மை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். நாலே வார்த்தை. ஜெபம் நீண்டுகொண்டே போயிற்று. முடிவில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அவர் உதடும் அசைந்தது.

எனக்கு எதிராக அவர் செய்தவற்றில் இதுதான் பெரியது. கடிதங்களை என் முதுகுக்குப் பின்னால் எழுதினார். இந்த ஆமெனை என் கண் முன்னாலேயே சொன்னார்.

அதற்கப்புறம் பெண்கள் என் கையைப் பிடிப்பதில்லை. பார்த்தால், "நல்லாத் தூங்கறீங்களாங்க? சாப்பிடறீங்களா?" என்று மெதுவாகப் பேசுவார்கள், காய்ச்சல்காரியிடம் பேசுகிற மாதிரி. அண்ணனிடம்கூட யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் மாடிக்கு வந்து, "சேலத்துல நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கறாராமா புள்ள" என்று ஆரம்பித்தார். நான் முழுவதையும் அவரிடம் சொன்னேன். அவர் சபைக்கெல்லாம் அதிகம் போகாதவர். "மாப்பளய நான் ரெண்டு வார்த்த கேக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அவராவது என்னை நம்பினார்.

ஜூன் மாதம் கணவருக்கு நாமக்கல்லில் ஒரு பெரிய உண்டு உறைவிடப் பள்ளியில் விடுதி வார்டன் வேலை கிடைத்தது. பள்ளி வளாகத்திலேயே இரண்டு அறை வீடு. நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். மகளுக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது, அண்ணன் வீட்டு மாடியில் எத்தனை நாள் இருப்பது, இப்படிக் காரணங்கள் இருந்தன. அவரை விட்டுவிட்டு எங்கே போவது என்று யோசித்ததில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். அப்புறம் சாமான்களைக் கட்டினேன்.

மகள் இப்போது சுத்தமாக இந்த ஊர்ப் பிள்ளையாகிவிட்டாள். "வாங்க போங்க" எல்லாம் ஒட்டிக்கொண்டது. அந்த மொழியைப் பேசுவதில்லை. நான் பேசினால் தமிழில் பதில் சொல்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி மாதம் ஒருமுறை கூப்பிடுகிறாள். மகள் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு ஹோம்வொர்க் இருக்கிறது என்று நகர்ந்துவிடுவாள். அவளுக்கு எது எந்த அளவுக்குப் புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். இங்கே நடந்ததை நான் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. பலமுறை வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். தெரிந்தால் அவளுக்கு என்ன நன்மை என்று ஒரு மனம் கேட்கிறது. அவள் பெயரை வைத்து நடந்ததை அவளிடமே மறைக்கிறாயே என்று இன்னொரு மனம் கேட்கிறது.

நாமக்கல்லில் எங்களை யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்ன ஜெபவீட்டுக்குப் போகிறோம். கோழிப்பண்ணையில் வேலை செய்கிற குடும்பங்கள்தான் அதிகம். போன மாதம் ஒரு ஞாயிறு, சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றபோது என் கணவர் எழுந்தார்.

"நாங்க ஆப்பிரிக்காவுல ஊழியத்துல இருந்தோம்" என்றார். "எங்களுக்கு அங்க ஒரு குழந்தை இறந்து பொறந்துச்சு. அன்னைக்கு நான் ஊர்ல இல்ல. போகாதீங்கன்னு என் மனைவி சொன்னா. போயிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாதான் பாத்துக்கிட்டாங்க." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள். அடுத்த ஆள் எழுந்து தன் மகளுக்கு வரன் அமைந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

வெளியே வந்து நடந்தோம். மகள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவர் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார். ஆறுதல் வரவில்லை. கோபம்தான் வந்தது, முன்னைவிட அதிகமாக. இத்தனை சுலபமாக அவர் வாயில் வருகிற வார்த்தைகள் இவை.

"இதச் சொல்ல வேண்டிய எடம் இது இல்லீங்க" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"சங்ககிரிக்கு இங்கிருந்து ரொம்ப நேரமாகாதுங்க."

"தெரியும்மா."

அதற்குப் பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. ஒவ்வொரு ஞாயிறும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு ஜெபவீட்டுக்குத்தான் வருகிறார்.